சோடி பிரியாத கம்பிகள்

கம்பியில்லாமலே பேசலாம், கம்பியில்லாமலே படிக்கலாம், கம்பியில்லாமலே உலகின் மறுகோடியிலுள்ளவரின் முகத்தையும் காணலாம் என்று சொல்லப்படும் காலம் இது. ஆயினும், முன் விறாந்தையிலே 'ரூற்றர்' என்னும் இணையப் பெட்டி இருக்க, பின்புற அறையிலே பாடங் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் திரையில் ஆசிரியரின் முகம் சட்டென்று அசைவற்று நிற்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். குரல் துண்டு துண்டாக வருகிறது. கணக்கின் நடுப்பகுதி காதில் விழாமற் போகிறது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்துன்பம் வீடுதோறும் தெரியவந்தது. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் இணையவழி வகுப்புகள் ஒழிந்துவிடவில்லை. பெற்றோருட் பலருக்கு வீட்டிலிருந்தே செய்யும் உத்தியோக வேலையும் வந்து சேர்ந்துகொண்டது.

இக்குறை எங்கே இருக்கிறது என்பதை முதலிலே அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு விலை கொடுத்து எக்கருவியும் வாங்க வேண்டியதில்லை. கணினியை எடுத்துச் சென்று இணையப் பெட்டியின் அருகிலே வைத்து ஒரு நாள் பாடங் கேட்டுப் பாருங்கள். அங்கும் தடங்கல் உண்டாயின் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பிலே உள்ளது. அதனைச் சேவை வழங்குவோரிடமே முறையிட வேண்டும். அங்கே ஒழுங்காக இயங்கி, அறைக்குள் வந்ததும் தடுமாறுமாயின் குறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கம்பியில்லா முறையிலே செய்தியைச் சுமந்து வருவது வானொலி அலையாகும். தடித்த சுவர்களை ஊடுருவுந்தோறும் அவ்வலை வலி குன்றுகிறது. நம் பழைய கல்வீடுகளின் சுவர்கள் அதற்குப் பெருந்தடை. அன்றியும், அயல்வீட்டுப் பெட்டிகளும் அதே அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து அறைவரை ஒரு வடத்தை இழுத்துவிடுவதே அது. 'ஈதர்நெற் கேபிள்' என்று கடைகளிலே வழங்குவதும் அதுவே. இரு முனையிலும் பிளக் பூட்டிய ஆயத்த வடம் கடையிற் கிடைக்கிறதே, நாம் ஏன் அமைக்க வேண்டும் என்று கேட்கலாம். மேசைக்கு மேசை இணைப்பதற்கு அதுவே போதும். ஆனால், சுவரைத் துளைத்துக் கொண்டுபோக வேண்டிய இடத்தில் நிலைமை வேறு. வடத்தின் குறுக்களவு ஐந்தாறு மில்லி மீற்றர்தான். பிளக்கின் அகலமோ ஏறக்குறைய 12 மில்லி மீற்றர். பிளக் புகுவதற்காகச் சுவரிலே இருமடங்கு துளையிட எவர் விரும்புவர்? வேண்டிய நீளத்துக்கு வடத்தை இழுத்துவிட்டு முனைகளை நாமே பூட்டிக்கொள்வது அழகும் சிக்கனமுமாகும். உயர்தர வகுப்பு மாணவன் அல்லது மாணவி ஒருவர் ஒரு பிற்பகலிலே கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

பெயர் வந்த வரலாறு

ஒளி செல்வதற்கு ஓர் ஊடகம் வேண்டுமென்றும், அண்டமெங்கும் 'ஈதர்' என்னும் கண்ணுக்குப் புலனாகாத பொருள் நிறைந்திருக்கிறதென்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் எண்ணியிருந்தனர். 1887ஆம் ஆண்டில் மைக்கல்சன், மோர்லி என்னும் இருவர் அமெரிக்காவிலே நடத்திய புகழ்பெற்ற பரிசோதனை அப்பொருளின் அடையாளத்தைக் காணவில்லை. விஞ்ஞானம் கைவிட்ட அப்பெயரை 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி மீண்டும் எடுத்தாண்டவர் றொபேட் மெற்காஃப். கலிபோர்னியாவிலே பலோ அல்ற்றோ நகரில் இருந்த செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், கணினிகளை ஒரே வடத்தில் இணைக்கும் திட்டத்தை விளக்கி அவர் எழுதிய குறிப்பிலே 'ஈதர்நெற்' என்ற சொல் தோன்றியது. டேவிட் பொக்ஸ் என்பவரும் அவரும் சேர்ந்து அதனைச் செயற்படுத்திக் காட்டினர். அம்முதல் அமைப்பின் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிற், அஃதாவது ஏறக்குறைய முப்பது இலட்சம் பிற்றுகள். இக்கண்டுபிடிப்புக்காகவே 2022ஆம் ஆண்டுக்குரிய ரூறிங் பரிசு மெற்காஃபுக்கு வழங்கப்பட்டது.

ஆரம்பத்திலே பயன்பட்டது தடித்த ஒற்றை வடம். ஒரு கிணற்றிலே பலர் முறைவைத்து நீர் அள்ளுவதுபோல அதனைக் கணினிகள் யாவும் பங்கிட்டுக் கொண்டன. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த நியமம் அதற்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பியைப் போன்ற, இரண்டிரண்டாக முறுக்கிய மெல்லிய கம்பிகளைக் கையாள வழி செய்தது. அவ்வழியிலேயே வேகம் பத்து மெகாபிற்றிலிருந்து 1995இல் நூறாகவும், 1999இல் ஆயிரமாகவும் உயர்ந்தது. ஆயிரம் மெகாபிற்றையே ஒரு ஜிகாபிற் என்கிறோம். இன்று நாம் வீட்டிலே இழுக்கும் வடம் அந்த 1990ஆம் ஆண்டு நியமத்தின் வழிவந்ததேயாம்.

முறுக்கின் சூட்சுமம்

வடத்தின் மேலுறையை நீக்கிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகள் தெரியும். ஆனால், எட்டுத் தனிக் கம்பிகள் என்று எண்ணலாகாது. அவை நான்கு சோடிகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்னும் ஒவ்வொரு நிறக் கம்பியும், அதே நிறக் கோடிட்ட வெள்ளைக் கம்பியோடு முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கிலேதான் சூட்சுமம் யாவும் அடங்கியுள்ளது.

ஒரு சோடியில் ஒரு கம்பியின் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும்படி செய்தி அனுப்பப்படுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்குமிடையிலான வேற்றுமையை மட்டுமே கணக்கிடும். எளிமைக்காக, ஒன்றிலே +1, மற்றதிலே −1 என்று கொள்வோம். வேற்றுமை 2. வழியிலே மின்விசிறி மோட்டாரிலிருந்து ஓர் இடையூறு வந்து இரு கம்பியிலும் 3ஐச் சேர்த்துவிட்டது. இப்போது ஒன்றிலே 4, மற்றதிலே 2. வேற்றுமையோ முன்போல 2தான். இடையூறு தானாகவே கழிந்து போயிற்று!

ஆனால், இடையூறு இரண்டிலும் சமமாக விழுந்தாற்றான் இக்கணக்குச் சரிவரும். இருவர் அருகருகே வீதியில் நடந்து செல்கையில் ஒரு பக்கமிருந்து வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிற் பக்கத்தவர் ஒருவரே என்றால் அவர்மீதே சூடு முழுவதும் ஏறும். அடிக்கொருதரம் இருவரும் இடம் மாறி நடந்தால் சூடு இருவருக்கும் ஒத்த பங்காகும். முறுக்கு அந்த இடமாற்றத்தையே செய்கிறது. தொலைபேசிக் கம்பிகளை இவ்வாறு முறுக்கும் முறைக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தார். இன்றைய வடத்திலோ நான்கு சோடிக்கும் நான்கு வகையான முறுக்கு நெருக்கம் அமைத்திருப்பார்கள். ஒரு சோடியின் செய்தி அடுத்த சோடியில் கசிவதைக் குறைப்பதற்காகவே அவ்வேற்பாடு.

எனவே, வடம் அமைப்பவர் மனத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: சோடியைப் பிரிக்கலாகாது, முறுக்கை வேண்டியதற்கு மேலே குலைக்கலாகாது. பின்னர் வருவன யாவும் இவ்விதியின் விளக்கங்களே.

வடம் வாங்கும்போது

மேலுறையிலே 'கற்-5ஈ', 'கற்-6' என்றவாறு தரம் அச்சிடப்பட்டிருக்கும். 'கற்-5ஈ' வடம் நூறு மீற்றர் தூரம்வரை ஒரு ஜிகாபிற் வேகத்தைத் தாங்கவல்லது. சாதாரண வீட்டுக்கு அது தாராளம். 'கற்-6' சற்றுத் தடித்தது. ஐம்பத்தைந்து மீற்றர்வரை பத்து ஜிகாபிற் வேகத்துக்கும் இடங் கொடுப்பது. சுவருக்குள்ளே புதைத்துவிட்டு மீண்டும் உடைக்க விரும்பாதவர்கள் அதனைத் தெரிந்தெடுக்கலாம்.

சுவரோடு நிலையாக ஓடும் வடத்துக்கு ஒற்றைத் திண்கம்பி கொண்டது வேண்டும். மேசையருகே அடிக்கடி அசையும் சிறு வடத்துக்குப் பல நுண்ணிழைகள் சேர்ந்த கம்பி ஏற்றது. பிளக்குகளும் இவ்விருவகைக் கம்பிக்கும் வெவ்வேறாக உண்டாதலால், கேட்டு வாங்குதல் வேண்டும்.

இதிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கம்பி முழுவதும் செம்பாக இருத்தல் அவசியம். உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சும் கொண்ட வடங்கள் மலிவாக விற்கப்படுகின்றன. செம்போடு ஒப்பிடும்போது அலுமினியத்தின் மின்கடத்துந் திறன் ஏறக்குறைய அறுபது வீதமே. வளைத்தால் எளிதில் முறியும் குணமும் உடையது. இத்தகைய வடம் மேற்கூறிய நியமங்களுக்கு அமைந்ததன்று. கடையிலேயே கண்டறிய வழியுண்டு. கம்பியின் முனையைக் கத்தியாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி போல் மின்னினால் அலுமினியம். சிவந்தே இருந்தால் செம்பு. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பின் நிறை அலுமினியத்தினும் மும்மடங்குக்கு மேற்பட்டது.

வழி அமைத்தல்

முதலிலே ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, வடம் செல்லும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரோரமாக ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்து அளந்து, இரு முனையிலும் ஒவ்வொரு மீற்றர் மிகையாக விடுங்கள். வடத்தை வெட்டிக் குறைக்கலாம், வளர்க்க இயலாது.

மின்சாரக் கம்பி செல்லும் குழாயினுள் இவ்வடத்தை ஒருபோதும் நுழைக்கலாகாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோற்று அழுத்தமுடையது. உறை பழுதுபட்டால் அது இணைய வடத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இரண்டும் ஒரே திசையிற் செல்ல வேண்டியிருப்பின் ஓரடி இடைவெளி விடுதல் நன்று. ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கச் செய்யுங்கள். சுவரைத் துளைக்குமுன் உள்ளே மின்கம்பியோ நீர்க்குழாயோ ஓடுகிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். ஐயமிருப்பின் மின்சார வேலை தெரிந்தவரை அழைப்பதில் வெட்கமில்லை.

வடத்தை மூலைகளிலே கூர்மையாக மடிக்கலாகாது. வளைவின் ஆரை வடத்தின் குறுக்களவைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாதிருக்க வேண்டும். ஆணிக் கிளிப்புகளை வடம் நசுங்கும்படி அறைந்தாலும், கட்டும் பட்டியை இறுக்கினாலும் உள்ளேயுள்ள முறுக்கு உருக்குலையும். ஓட்டுக்கூரையின் கீழே இழுப்பவர்கள் அணிலையும் எலியையும் மறவாதிருப்பார்களாக. பி.வி.சி. குழாயினுள் விட்டால் அவற்றின் பல்லுக்குத் தப்பும். சாதாரண வடத்தின் உறை வெயிலிலே வெடிக்கும். வெளிச்சுவரில் ஓட வேண்டியிருந்தால் அதற்கென ஆக்கப்பட்ட வடத்தையே வாங்க வேண்டும்.

முனை பூட்டும் முறை

வேண்டியவை நான்கு: 'ஆர்.ஜே.-45' என்று வழங்கும் எட்டுத் தொடுகைப் பிளக்குகள், அவற்றை நசுக்கிப் பூட்டும் குறடு, வெட்டுக் கத்தி, விளக்குகள் கொண்ட சிறு பரிசோதனைக் கருவி.

வடத்தின் முனையில் மூன்று சதம மீற்றர் அளவுக்கு மேலுறையை மட்டும் சுற்றி வெட்டி நீக்குக. உள்ளே கம்பிகளின் தோலிலே கத்தி பட்டிருந்தால் அம்முனையை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் தொடங்குக. பின்னர் சோடிகளின் முறுக்கை நீக்கி, கம்பிகளை நேராக்கி, கீழ்வரும் ஒழுங்கில் அடுக்குக.

1. வெள்ளைச் செம்மஞ்சள்
2. செம்மஞ்சள்
3. வெள்ளைப் பச்சை
4. நீலம்
5. வெள்ளை நீலம்
6. பச்சை
7. வெள்ளைக் கபிலம்
8. கபிலம்

இவ்வொழுங்குக்கு 'ரீ-568-பி' என்று பெயர். செம்மஞ்சட் சோடியையும் பச்சைச் சோடியையும் இடம் மாற்றினால் 'ரீ-568-ஏ' என்னும் மற்றோர் ஒழுங்கு கிடைக்கும். இரண்டும் ஒத்த தரமுடையவை. வீடு முழுவதும், இரு முனையிலும், ஒன்றையே கைக்கொள்ள வேண்டுமென்பதே விதி.

அடுக்கிய கம்பிகளை விரல்களால் இறுகப் பிடித்து, உறையிலிருந்து 13 மில்லி மீற்றருக்கு மேற்படாதபடி ஒரே நேராக வெட்டுக. பிளக்கின் நாக்கு அப்புறமாகவும் வடம் புகும் வாய் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால் இடக்கைப் பக்கத்திலுள்ளது முதலாம் இடம். கம்பிகளை உள்ளே தள்ளி, எட்டு முனையும் பிளக்கின் நுனியைத் தொட்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். மேலுறையும் பிளக்கினுள்ளே புகுந்திருக்க வேண்டும். குறடு அழுத்தும்போது பிளக்கின் பிடி உறையைக் கௌவிக்கொள்ளும். உறை வெளியே நின்றுவிட்டால், வடத்தை இழுக்கும் இழுவையெல்லாம் மெல்லிய கம்பிகளின்மேலேயே விழும். எல்லாம் ஒழுங்காயிருந்தால் குறட்டினால் ஒருமுறை உறுதியாக அழுத்துக. பிளக்கினுள்ளே இருக்கும் சிறு தகடுகள் கம்பிகளின் தோலைக் கிழித்துச் செம்பைத் தொடும்.

நிலையாகச் சுவரில் நிற்கும் வடத்துக்குப் பிளக்கைவிடச் சுவர்ச் சொக்கற் மேலானது. அதன் பின்புறத்தில் எக்கம்பி எவ்விடத்தில் என்பது நிறத்தாற் குறிக்கப்பட்டிருக்கும். கம்பியை அப்பிளவில் வைத்து, அதற்குரிய சிறு கருவியால் அழுத்தினால் வேலை முடிந்தது. சொக்கற்றிலிருந்து கணினிக்குக் கடையில் வாங்கிய சிறு வடம் ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம்.

எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

மேலே தந்த ஒழுங்கிலே ஒரு விந்தை இருப்பதைக் கூர்ந்து நோக்கினோர் கண்டிருப்பர். பச்சைச் சோடி 3ஆம், 6ஆம் இடங்களிலே பிரிந்து நிற்கிறது. நடுவிலே நீலச் சோடி அமர்ந்திருக்கிறது. தொலைபேசிப் பிளக்கின் நடுவிரு தொடுகைகளே முதற் சோடிக்கு உரியனவாக இருந்து வந்தமையால், புதிய ஒழுங்கும் அதனைத் தழுவி அமைந்தது.

இதனை அறியாத ஒருவர் யாது செய்வார்? செம்மஞ்சளிரண்டு, பச்சையிரண்டு, நீலமிரண்டு, கபிலமிரண்டு என்று வரிசையாக அடுக்குவார். பார்வைக்கு அதுவே ஒழுங்காகவும் தோன்றும். மறுமுனையிலும் அவ்வாறே பூட்டிவிட்டுப் பரிசோதனைக் கருவியிலே செருகினால், ஒன்று முதல் எட்டுவரை விளக்குகள் முறையாக எரியும். ஆனால், வடம் நல்லதன்று. கருவிகள் 3ஆம், 6ஆம் இடங்களை ஒரு சோடியாகவே பயன்படுத்துகின்றன. இங்கோ 3ஆம் இடத்தில் பச்சைச் சோடியின் ஒரு கம்பியும், 6ஆம் இடத்தில் நீலச் சோடியின் ஒரு கம்பியும் நிற்கின்றன. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டை இணைத்துவிட்டோம். வெயிலைப் பங்கிடும் துணை போயிற்று, இடையூறு கழிவதில்லை. சிறு துண்டு வடமாயின் ஒருவாறு இயங்கிக்கொண்டே இருக்கும். இருபது முப்பது மீற்றர் ஓடும்போது வேகம் குன்றும்; இணைப்பு விட்டு விட்டு அறும். விளக்கு எட்டும் எரிந்ததே என்று வடத்தை ஐயுறாமல், இணையக் கம்பனியையும் கணினியையும் குறைகூறி நாட்கள் கழியும்.

அச்சிறு கருவி மின்சாரம் முனைக்கு முனை செல்கிறதா என்பதை மட்டுமே கூறவல்லது. எக்கம்பி எதனோடு முறுக்கப்பட்டது என்பதை அஃது அறியாது. அதனை அறிவது உங்கள் கண்ணே. பிளக் கண்ணாடிபோல் தெளிவாயிருப்பதால், நிற ஒழுங்கை இரு முனையிலும் வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. வடத்தைப் பூட்டியபின் கணினியிலே இணைப்பின் வேகம் யாதெனப் பாருங்கள். இரு முனையிலுமுள்ள கருவிகள் ஜிகாபிற் வகையினவாயிருந்தும் 1000க்குப் பதிலாக 100 என்று காட்டுமாயின், ஒரு கம்பி பிடிக்கவில்லை என்று ஐயுறலாம். நூறு மெகாபிற் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்னும் நான்கு இடங்கள் போதும். ஆயிரத்துக்கோ நான்கு சோடியும் வேண்டும். அப்போது முனையை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் பூட்டுவதே வழி.

மின்னலுக்கு அஞ்சுக

சிலர் தம் வீட்டிலிருந்து முற்றத்துக்கு அப்பாலுள்ள சகோதரியின் வீட்டுக்கோ கடைக்கோ இவ்வடத்தை வெளியே தொங்கவிட்டு இழுப்பதுண்டு. இது தவிர்க்க வேண்டியது. சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் நம் நாட்டில் இடிமின்னல் மிகும். மின்னல் அருகில் விழுந்தாலே நீண்ட செப்புக் கம்பியில் பேரழுத்தம் தூண்டப்பட்டு இரு வீட்டுக் கருவிகளையும் எரித்துவிடும். தொட்டிருப்பவருக்கும் தீங்கு நேரலாம். கட்டடத்துக்குக் கட்டடம் இணைப்பதற்கு ஒளியிழை வடமே தக்கது. அதிலே செல்வது ஒளியாதலால் கண்ணாடி இழையின் வழியே மின்னழுத்தம் பாய்வதில்லை. அதற்குள்ளும் உலோகத் தாங்குகம்பி இல்லாத வகையையே கேட்டு வாங்குங்கள். இடி முழங்கும் வேளையில் எந்த வட வேலையும் செய்யாதிருப்பதே அறிவு.

வேலை முடிந்தபின் ஒவ்வொரு முனையிலும் அது செல்லும் அறையின் பெயரை எழுதி ஒட்டி, முன்பு வரைந்த வீட்டுப் படத்தையும் திருத்திப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டுக்குப் பின் சுவரிலே ஆணி அடிக்கப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

மாணவ மாணவியரே! அடுத்த விடுமுறையிலே இரண்டு மீற்றர் வடமும் பத்துப் பிளக்குகளும் வாங்கிப் பழகிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பிளக்குகள் வீணாகலாம்; அவை விலை குறைந்தவையே. கை பழகியபின் சுவரிலே ஓடும் வடத்தைத் தொடுங்கள். அங்கும் முனையைப் பூட்டி முடித்தவுடன் கருவியின் விளக்கைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு சோடி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பின்புற அறையிலே தம்பியோ தங்கையோ கேட்கும் பாடம் நடுவில் அறுபடாமல் முடிவது அந்தக் கேள்வியைப் பொறுத்தது.